ஞாயிற்றுக்கிழமைக் கற்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று கல்லூரிக் கலையரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "தொழில் சம்பந்தமா ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். இரும்பு உருக்குவதைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே பாதி அரங்கம் காலியாகிவிடும். அதனால், "கல் பொறுக்கறதைப் பத்திப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி, பேசு" என்றார். அந்தத் தைரியத்தில்தான் நிற்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஏழெட்டுப் பேர் நாங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்படுவோம். எங்களுக்குச் சங்கப் பதிவு கிடையாது, சந்தா கிடையாது, தலைவர் பதவிக்குச் சண்டையும் கிடையாது. ஒரு லென்ஸ், ஒரு காந்தம், ஒரு எஃகு ஆணி, கழுவித் துடைக்க ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணீர். இவ்வளவுதான் எங்கள் ஆய்வுக்கூடம்.

கல் சேர்ப்பது என்றவுடன் எல்லோரும் முதலில் கேட்பது, "வைரம் கெடைச்சுதா?" என்பதுதான். மணிக்கல் வேண்டுமென்றால் நீங்கள் கொங்கு நாட்டுப் பக்கம் போக வேண்டும். காங்கேயம், கரூர் வட்டாரத்தில் சந்திரகாந்தக் கல் கிடைக்கிறது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் கடல்நீல நிறப் பச்சைக்கல்லைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதே வட்டாரத்துக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கல்மணி பட்டை தீட்டி வியாபாரம் செய்திருக்கிறார்கள் என்பது தெரிய வந்தது. ரோமாபுரிச் சீமாட்டிகள் கழுத்தில் நம்மூர்க் கல் தொங்கியிருக்கிறது. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில் அந்தப் பளபளப்பெல்லாம் இல்லை. இங்கே பளபளவென்று பச்சையாகவோ நீலமாகவோ ஒன்று கிடைத்தால், அது பெரும்பாலும் எங்கள் உலையிலிருந்து வந்த கசடு!

சிரிக்காதீர்கள், நிஜம். உலைக் கசடைக் கொண்டுபோய்ப் பள்ளம் நிரப்புகிறார்கள். மழை பெய்து கழுவிவிட்டால் அதில் கண்ணாடி போன்ற துண்டுகள் மின்னும். ஒரு நண்பர் கனமான கருப்புக் கட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். காந்தம் ஒட்டுகிறது, ஆகவே விண்கல் என்றார். வீட்டில் பூஜை அறையில் வைத்திருந்தாராம். உடைத்துப் பார்த்தால் உள்ளே ரொட்டி மாதிரி காற்றுக் குமிழிகள். விண்கல்லுக்குள் அப்படிக் குமிழி இருப்பது மிக அபூர்வம். "எந்த கம்பெனி ஸ்லாக்குனு கூடச் சொல்லிடலாம் சார்" என்றான் எங்கள் குழுவின் மெட்டலர்ஜி தம்பி. அவர் ரெண்டு மாசம் எங்களோடு வரவில்லை.

எங்கள் பக்கத்தின் உண்மையான செல்வம் பார்ப்பதற்குச் சாதாரணமான ஒரு கல். குவார்ட்சைட். மணற்கல் பூமிக்குள் வெந்து இறுகி உண்டானது. பழுப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். எஃகு ஆணியால் கீறினால் கல்லில் கோடு விழாது, ஆணியின் இரும்புதான் தேய்ந்து ஒட்டும். திருத்தணியில் நின்று வடக்கே பார்த்தால் நகரி மலை தெரியுமே, அந்த மலைகளின் கல் அது. டைனோசர் காலத்தில் ஆறுகள் அதை உருட்டிக்கொண்டு வந்து கூழாங்கல் படிவமாகச் சேர்த்தன. அந்தப் படிவம்தான் இன்று பூண்டிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவே அல்லிக்குழி மலையாக நிற்கிறது. அதிலிருந்து உதிர்ந்து, கொசஸ்தலையாற்றுப் பக்கமெல்லாம் பரவிக் கிடக்கிறது.

எனக்கும் இந்தக் கல்லுக்கும் தொழில் உறவு உண்டு. எங்கள் இண்டக்ஷன் உலையின் உள்சுவர் எதனால் ஆனது தெரியுமா? குவார்ட்சைட் பொடிதான். ராஜஸ்தானிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. போரிக் ஆசிட் கொஞ்சம் கலந்து, இடித்துக் கெட்டிப்படுத்தி, மெதுவாகச் சூடேற்றி இறுக வைக்கிறோம். 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் உள்கட்டமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென்று வீங்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் சுவர் வெடிப்பு விடும். ஆகவே அந்த நேரத்தில் ஷிப்ட் இன்ஜினீயர் டீ குடிக்கக்கூடப் போக மாட்டார். உருகிய இரும்பைத் தாங்குகிற அதே கல்லைத்தான், நம் பக்கத்தில் முதன்முதலில் 'தொழில்' செய்த மனுஷனும் தேர்ந்தெடுத்தான். தட்டினால் சிப்பி போல வளைந்து உடைந்து, கத்தி முனை கொடுக்கும் என்பதற்காக.

அந்தக் கதைக்கு வருகிறேன். 1863 மே 30. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் துறை அதிகாரிக்கு வயது 28. பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில், மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பிரான்சில் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவைதான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டே அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தி மனதில் இருந்ததால்தான், ஆயிரம் பேர் மிதித்துப் போன கல்லில் அவர் கண் நின்றது. அதே வருஷம் செப்டம்பர் 28-ஆம் தேதி, வில்லியம் கிங் என்ற சக அதிகாரியுடன், நம் அத்திரம்பாக்கத்தில் ஓடைக்கரையில் இறங்கினார். கைக்கோடரிகள் ஒன்றிரண்டல்ல, ஏராளமாகக் கிடந்தன. அன்றிலிருந்து இந்த வகைக் கருவிகளுக்கு உலகப் புத்தகங்களில் 'மெட்ராஸ்' பெயரே ஒட்டிக்கொண்டது.

பல்லாவரம் என்றவுடன் இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிவில் நண்பர்கள் மன்னிக்கவும். பரங்கிமலை, பல்லாவரத்துக் கருங்கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் சமாதிக் கல் இந்த வகை. அதைப் பார்த்து தாமஸ் ஹாலந்து 1893-ல் வைத்த பெயர். கல் நம்மூர்க் கல், பெயர் கல்கத்தா சமாதிக்காரர் பெயர். என்ன நியாயமோ!

அத்திரம்பாக்கத்தை அதற்குப் பிறகு பலர் தோண்டினார்கள். 1960-களில் மத்தியத் தொல்லியல் துறையும் தோண்டியது. 1999 முதல் சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வுதான் பெரிய திருப்பம். கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் ஆழம் போனார்கள். அடியில் இருக்கும் களிமண்ணை டைனோசர் காலத்துக் கடல் களிமண் என்று முன்பு நினைத்தார்கள். கடல் களிமண்ணில் மனுஷன் எங்கே வருவான், அதோடு தோண்டுவதை நிறுத்திவிடலாம் அல்லவா? அவர்கள் நிறுத்தவில்லை. அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கருவிகள் அடுக்கடுக்காக வந்தன. அந்தக் கற்கள் எத்தனை காலமாக மண்ணுக்குள் மூடிக் கிடக்கின்றன என்பதை, விண்வெளிக் கதிர் பட்டு உண்டாகும் அலுமினியம், பெரிலியம் அணுக்களை எண்ணிக் கணக்குப் போட்டார்கள். 2011-ல் வெளியான விடை, சுமார் 15 லட்சம் ஆண்டுகள். 2018-ல் அடுத்த கட்டுரை வந்தது. பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டு, திட்டமிட்டுச் செதில் எடுக்கும் சின்னக் கருவிகளுக்கு மாறியது இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்றது. நம் ஆட்கள் மாடலை மாற்ற எடுத்துக்கொண்ட காலம் பதினோரு லட்சம் வருஷம். இன்று ஆறு மாதத்துக்கு ஒரு போன் வாங்குகிறோம்.

இப்போது கவனியுங்கள். இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஆதாரம், கல் எந்த மண் அடுக்கில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது. அந்தக் கல்லையே கொண்டுவந்து என் வீட்டு ஷோகேஸில் வைத்தால், அழகான கல், அவ்வளவுதான். நம் பாஷையில் சொன்னால், ஹீட் நம்பர் இல்லாத பில்லெட். தரம் என்ன, எந்த உலை, எந்த நாள் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மனிதக் கைவேலை பழம்பொருள். லட்சம் வருஷத்துக் கைக்கோடரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஒரு செதிலைக்கூடப் பையில் போடக் கூடாது.

ஆகவே எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். இயற்கையான கூழாங்கல், ஸ்லாக், உடைந்த ஜல்லி, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மனிதக் கை பட்டது என்று சந்தேகம் வந்தால், பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கல்லைக் கல்லாகவே விட்டுவிட வேண்டும்.

போன வருஷம் இந்த வழக்கத்துக்குச் சோதனை வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு ஏரியை ஒட்டிச் சவுடு மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பொக்லைன் சும்மா நின்றது. குழியின் ஓரத்தில், சரளை அடுக்கில், அரை அடிக்குள் மூன்று கைக்கோடரிகள். ஒன்று உள்ளங்கையை விடப் பெரியது. ரெண்டு பக்கமும் செதுக்கி, இலை மாதிரி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா வந்து, "இன்னா தம்பி, கல்லுல இன்னா தேடறீங்க, பொதையலா?" என்றார். காட்டினோம். கையில் வாங்கிப் பார்த்து, "மொளகா அரைக்கக்கூட ஒதவாது" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம் எங்களுக்குள் சண்டை. எங்களில் மூத்தவரான அண்ணன் ஒருவர், "நாளைக்குக் காலையில லாரி வந்துடும்டா. போட்டோ எடுத்து என்ன பண்றது? எடுத்துட்டுப் போய் பூண்டியில குடுத்துடலாம்" என்றார். தம்பி ஒருவன், "இன்னிக்குப் பூண்டியில குடுப்போம்ணா. அடுத்த தடவை இன்னொருத்தர் வீட்டுக்குப் போகும். அப்புறம் விலைக்குப் போகும்" என்றான். ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒரு மணி நேரம் வெயிலில் நின்று பேசி, விட்டுவிட்டு வந்தோம். படம், அளவு, வரைபடக் குறிப்பு எல்லாம் சேர்த்து அன்று இரவே கடிதம் எழுதினோம். பத்து நாள் கழித்துப் போனபோது அந்தச் சரளை அடுக்கே இல்லை. ஆறடி கீழே போயிருந்தது. அந்த மூன்று கற்களும் இப்போது ஏதோ ஒரு மனைப்பிரிவில் ரோட்டுக்கு அடியில் இருக்கும். அண்ணன் வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கவரைப்பேட்டையில் டீ குடிக்கும்போது மட்டும், "பதினஞ்சு லட்சம் வருஷம் பத்திரமா இருந்துச்சு, பத்து நாள் தாங்கல" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்த வழக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். இயந்திரம் நிற்கிற குழியில் ஏதாவது தென்பட்டால், ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். இன்னொருவர் கிராம நிர்வாக அலுவலரையும், பூண்டி அருங்காட்சியகத்தையும் அன்றைக்கே நேரில் பார்க்க வேண்டும். கடிதம் அப்புறம். பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறை 1985-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. நீர்த்தேக்கத்தைப் பார்க்கப் போகும் பத்துப் பேரில் ஒருவராவது அதற்குள் நுழைகிறாரா என்பது சந்தேகம்.

இந்த அரங்கில் இருப்பவர்களில் நிறையப் பேர் சிவில். ரோடு போடுகிறீர்கள், ஷெட் கட்டுகிறீர்கள், மனை நிரவுகிறீர்கள். உங்கள் சைட்டுக்கு வருகிற சரளை எங்கிருந்து வருகிறது என்று லாரிக்காரரிடம் கேட்பீர்கள், பில்லுக்காக. அதோடு சேர்த்து, கொட்டின குவியலை ரோலர் ஏறுவதற்கு முன் அஞ்சு நிமிஷம் பாருங்கள். எதைப் பார்ப்பது? இயற்கையாக உருண்ட கல் எல்லாப் பக்கமும் வழவழப்பாக இருக்கும். மனிதன் தட்டியதில் ஒரே ஓரத்தை ஒட்டி, ரெண்டு முகத்திலும், செதில் எடுத்த குழிகள் வரிசையாக இருக்கும். பொக்லைன் உடைத்தது புது நிறமாகப் பளிச்சென்று தெரியும். பழைய வெட்டில் மண் நிறம் ஊறியிருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால், லாரி எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கல்லை விட அந்தக் குறிப்பு முக்கியம்.

அடுத்த மாதம் ரெண்டாவது ஞாயிறு கூடியம் குகைப் பக்கம் போகிறோம். பூண்டியிலிருந்து கொஞ்ச தூரம் வண்டி, அப்புறம் முட்புதருக்குள் நடை. காலை ஆறு மணிக்குக் கும்மிடிப்பூண்டி ரயில் நிலைய வாசலில் நிற்போம். பிள்ளைகளைக் கூட்டி வரலாம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். அந்தப் பக்கம் கடை கிடையாது, ஆகவே எலுமிச்சம் சாதமோ புளிசாதமோ கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு லென்ஸ் முதலில் கொடுக்கப்படும்.