எந்த மரத்தடியில்?



போடிநாயக்கனூரிலும் மலையடிவாரச் சிற்றூர்களிலும் வீடு மந்திரிக்கச் செல்லும்போது சில வீட்டுச் சுவர்களில் ஒரு திருமணப் படத்தைப் பார்க்கிறோம். மணமக்கள் மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள். அருகில் மணமகளின் தந்தை நிற்கிறார். அவரோ திருமணத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர். பழைய படம் ஒன்றிலிருந்து முகத்தை எடுத்து, வேட்டி சட்டை உடுத்தி, ஸ்டுடியோவில் அவரை அங்கே நிற்க வைத்திருக்கிறார்கள். இது பாவமா? இல்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் உண்மை தெரியும். யாரும் ஏமாறவில்லை. இல்லாத அப்பாவை மகள் அன்போடு நினைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் படத்தில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? ஏலக்காயோடு வாழும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்துகிறோம். காம்பையும் தூசியையும் நீக்குகிறோம். சல்லடையில் சலித்து அளவு பிரிக்கிறோம். இதெல்லாம் நேர்மையான வேலை. ஆனால் வெளுத்துப்போன காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றினால் அது மோசடி. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. ஏனென்றால் வாங்குகிறவர் நம்பிப் பணம் கொடுப்பது அந்த நிறத்துக்குத்தான். படத்துக்கும் இதே அளவுகோல்தான். இருட்டாக விழுந்த படத்தை வெளிச்சமாக்குவது தூசி நீக்குவது போன்றது. நடக்காததை நடந்ததாகக் காட்டிப் பிறரை நம்பவைப்பது சாயம் ஏற்றுவது.

2023 மார்ச் மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் புசுபுசுவென்ற வெள்ளைக் குளிர் அங்கி அணிந்திருப்பது போன்ற ஒரு படம் உலகெங்கும் பரவியது. அது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படம். பலரும் உண்மையென்றே நம்பினார்கள்; பிறகு சிரித்துவிட்டு மறந்தார்கள். ஆனால் 2024ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், இத்தகைய பொய்ப் படங்களுக்குத் தாமும் ஆளானதைத் திருத்தந்தையே குறிப்பிட்டு நம்மை எச்சரித்தார்.

அதே மார்ச் மாதத் தொடக்கத்தில் நம் மாநிலத்தில் நடந்ததோ சிரித்து மறக்கக் கூடியதல்ல. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைக் காட்சிகளை, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சொல்லிப் பரப்பினார்கள். பல காட்சிகளில் வெட்டவோ ஒட்டவோ கூட இல்லை. கீழே எழுதிய வாசகம்தான் பொய். காவல்துறை மறுத்தது. பீகார் அரசு குழு அனுப்பி விசாரித்தது. அதற்குள் எத்தனையோ தொழிலாளர்கள் அஞ்சி நடுங்கிவிட்டார்கள்.

அந்த அச்சம் நமக்குப் புதிதல்ல. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது, இடுக்கி ஏலத்தோட்டங்களிலிருந்து நம் மக்கள் உயிருக்குப் பயந்து மலையிறங்கி வந்தார்கள். அன்று எல்லார் கையிலும் இன்றைய கைபேசி இல்லை. இன்று அணை உடைந்ததாக ஒரு பொய்ப் படம் புறப்பட்டால், மறுநாள் விடியற்காலையில் போடிமெட்டு ஏறும் ஜீப்பில் நம் பெண்கள் எந்தத் தைரியத்தில் உட்காருவார்கள்?

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று, தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்திலிருந்து சூசன்னாவின் கதையைத் திருப்பலியில் கேட்கிறோம். முதியோர் இருவர் அவர்மீது பொய்ப்பழி சுமத்துகிறார்கள். சொல்கிறவர்கள் பெரிய மனிதர்கள் என்பதால் சபை முழுவதும் நம்பிவிடுகிறது. சாவுத் தீர்ப்பும் ஆகிவிடுகிறது. அப்போது இளைஞர் தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: எந்த மரத்தடியில் பார்த்தீர்? ஒருவர் ஒரு மரத்தைச் சொல்கிறார், மற்றவர் வேறு மரத்தைச் சொல்கிறார். பொய் உடைகிறது; ஓர் உயிர் பிழைக்கிறது.

நம் கைபேசிக்கு வரும் ஒவ்வொரு படத்தையும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எந்த ஊர்? எந்த நாள்? எடுத்தவர் யார்? பதில் கிடைக்காவிட்டால் அந்தப் படம் நம்மோடு நிற்கட்டும். எட்டாம் கட்டளை பொய்ச்சான்றை விலக்குகிறது. படத்தை ஜோடித்தவர் மட்டுமல்ல, விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்புகிறவரும் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறார். "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்று சொல்லி நாம் தப்ப முடியாது.

சூசன்னா கதையில் இன்னொன்றும் உண்டு. அவர் சபைமுன் தனியாக வரவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் உறவினரும் கூடவே வந்தார்கள். 2016இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தம்மை நம்ப வேண்டியவர்களே நம்பவில்லையே என்ற வேதனையை எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த வீட்டாரை நாம் குறை சொல்ல வேண்டாம். நம் வீட்டில் நடந்தால் நாம் என்ன செய்வோம் என்று இன்றே முடிவெடுப்போம்.

பெற்றோரே, உங்கள் மகள் அழுதுகொண்டு வந்து, "அம்மா, இது நான் இல்லை" என்றால், முதலில் பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பிறகு பார்க்கலாம். அதை அழிக்காமல் ஆதாரமாக வைத்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். கூடவே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் பங்குக் கோயிலுக்கு வாருங்கள், சேர்ந்தே போவோம். இளைஞர்களே, விளையாட்டுக்கென்றுகூட யாருடைய முகத்தையும் வேறோர் உடலில் ஒட்டாதீர்கள். அந்த முகம் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டது.

உண்மையே வடிவான ஆண்டவர் நம் கண்ணையும் கைவிரலையும் காத்து, பழிசுமத்தப்பட்டவர் பக்கம் நிற்கும் துணிவை நமக்குத் தருவாராக. ஆமென்.