வெள்ளம் வடிந்த பிறகு

2015 டிசம்பர் முதல் நாள் சென்னையில் பெய்த மழையில் அடையாறு கரைபுரண்டு ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. மீனவர்கள் படகோடு வந்ததும், இளைஞர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ஓடியதும் நிறையப் பேசப்பட்டாயிற்று. தண்ணீர் வடிந்து சேறு அள்ளிய வாரங்களைப் பற்றித்தான் பேச்சு குறைவு. தன்னார்வலர் அடிபடுவதும் நோயில் விழுவதும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

ஒரு மேசை, ஒரு நோட்டு: பாதுகாப்பு தொடங்குவது அங்கே. வந்தவர் பெயர், வீட்டாரின் தொலைபேசி எண், டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா, எந்தத் தெரு, யாரோடு ஜோடி, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று எல்லாம் அதில் ஏறும். மாலையில் ஒரு பெயருக்கு நேரே டிக் விழாவிட்டாலும் வேன் கிளம்பாது. வாட்ஸ்அப் குழு இதற்கு ஈடாகாது. அதில் கைதூக்கியவர் வராமல் போவார், தூக்காதவர் நண்பரோடு வந்து நிற்பார். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் குவிந்த தொண்டு நிறுவனங்களுக்கும் இப்படியொரு ஒருங்கிணைப்பு மையம் தேவைப்பட்டது.

வீட்டுக்குள் முதலில் போக வேண்டியவர் மின்சாரம் தெரிந்தவர். மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, இன்வெர்ட்டர் பேட்டரியையும் கழற்ற வேண்டும். ஊறிய இலவம்பஞ்சு மெத்தையை மாடிப்படியில் இறக்க நான்கு பேர் வேண்டும். இரண்டு பேர் முயன்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் கழிப்பறை ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது. தன்னார்வலருக்குக் கிடைக்கும் பூட்ஸும் கையுறையும் பக்கத்தில் நிற்கும் தூய்மைப் பணியாளருக்குக் கிடைக்கவில்லையென்றால் அந்த ஏற்பாட்டை ஏற்பாடென்றே சொல்ல முடியாது.

தன்னார்வலராக வரும் கட்டடப் பொறியாளர் மண்வெட்டி பிடிப்பதைவிட, விரிசல் விட்ட சுவரைப் பார்த்து 'உள்ளே போகாதே' என்று சொல்வது பெரிய உதவி. வணிகவியல் படித்தவருக்கு அந்த நோட்டு இருக்கிறது. செவிலியர் பட்டதாரிக்கோ வேலை சேறு போன பிறகும் முடியாது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. சேற்றில் இறங்கியவர்கள் வாரம் ஒருமுறை 200 மி.கி. டாக்சிசைக்ளின் எடுக்கும்படி அங்கே அறிவுறுத்தப்பட்டது. மருத்துவர் சொல்லாமல் அதை விழுங்கக்கூடாது. ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், வெள்ளச் சேற்றில் நின்றதை மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.