சாவி சக்கில் இருக்கும்வரை கையை எடுக்காதீர்கள்
(தொழிற்சாலைப் பிரிவு அங்கத்தவர்களிடையே மூத்த பிட்டர் ஒருவர் பேசியது)



ரோலர் புஷ் தேய்ந்து மெசின் நின்றால் கொழுந்து வாடிக் கிடக்கும். “சீக்கிரம், சீக்கிரம்” என்று ஆள் மேல் ஆள் வருவார்கள். அந்த அவசரத்தில்தான் விபத்து நடக்கிறது. வேலை பழகிய காலத்தில் நான் லேத் சக்கில் சாவியை விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டேன். பறந்த சாவி காதோரமாகப் போய்த் தகரத்தில் அடித்தது. தலையில் பட்டிருந்தால் இன்று உங்கள் முன் நிற்க மாட்டேன்.

சக்கைப் பூட்டியதும் சாவியை எடுத்து அதன் இடத்தில் மாட்டுங்கள். மெயின் சுவிட்சைப் போடுமுன் சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தாடை எதிலும் தட்டக்கூடாது. கண்ணாடி போடுங்கள். கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் வேண்டாம். சுழலும் சக்கைக் கையால் நிறுத்தாதீர்கள். சக்கைக் கழற்றும்போது அடியில் பலகை வையுங்கள்.

வேலை சுத்தமாக வருவதும் சக்கில்தான் இருக்கிறது. மூன்று தாடைகளிலும் 1, 2, 3 என்று இலக்கம் இருக்கும். அந்த வரிசையிலேயே போடுங்கள். கழற்றிய துண்டு மறுபடி அதே மையத்தில் நிற்காது. ஆகவே புஷ்ஷின் உள்ளையும் வெளியையும் ஒரே பிடியில் கடைந்துவிடுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமானால் நான்கு தாடை சக்கில் பிடித்து, டயல் கேஜ் வைத்து மையம் பாருங்கள்.

ஆபத்தான இயந்திரத்துக்குக் காப்பு வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். காப்பு இல்லையென்றால் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கம் கேட்கும். போன விரலை எந்த நட்டஈடும் திருப்பித் தராது.