இழை உருவும் கைகள்

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனால் தறிச் சத்தம் காதில் விழும். நூலோடு நூல் சேர்ந்தால்தானே துணி? நைஜீரியாவில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களோ நெய்த துணியிலிருந்து நூலை எடுக்கிறார்கள்!

சென்னைப் பட்டணத்திலிருந்து பல தலைமுறைகளாகக் கப்பலேறிப் போன கட்டம் போட்ட பருத்தித் துணிதான் அது. அவர்கள் 'இஞ்சிரி' என்பார்கள். கலபாரிப் பெண்கள் பிளேடு நுனியால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் அறுத்து, ஒவ்வொன்றாக உருவுவார்கள். கை கொஞ்சம் பிசகினாலும் துணி கிழிந்துவிடும். எவ்வளவு பொறுமை பாருங்கள்! மிச்சமிருக்கும் இழைகளில் புதுப்புது உருவங்கள் தெரியும். அவற்றில் ஆமைக்குத் தனி மதிப்பு. இந்தத் துணிக்குப் பெயர் 'பெலெட்டே பிட்டே'. பிள்ளைப்பேறு முதல் இறுதிச்சடங்கு வரை நம் ஊர்க் கட்டத்துணி அங்கே வேண்டும். நெய்த நம் நெசவாளிகளின் பெயரும், இழை உருவிய அந்தப் பெண்களின் பெயரும் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.