செய்து கற்கும் கல்வி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியின் மேன்மையைக் குறித்து இச்சபையில் பெரியோர் பலர் பன்முறை பேசியிருக்கின்றனர். அதனையே யாமும் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகையால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு யாம் நடத்திப் பார்த்த ஒரு முறையை மட்டும் உங்கள் முன் வைக்கிறோம். அதற்குச் செயல்திட்ட முறை என்று பெயர். இப்பெயரைக் கேட்டவுடன் தெர்மாகோல் வீடும், கடையில் வாங்கிய வண்ண அட்டையும், நடுநிசி வரை கண்விழித்து அவற்றை ஒட்டிய தாயாரும் உங்களிற் பலருக்கு நினைவு வரலாம். அது தாயாரின் செயலேயன்றிப் பிள்ளையின் செயலாகாது. யாம் கூறவந்தது வேறு.

இம்முறை நேற்று முளைத்ததன்று. அமெரிக்க தத்துவ ஆசிரியராகிய ஜான் டூயி 1896-ஆம் வருஷத்தில் சிகாகோ சர்வகலாசாலையில் ஒரு சோதனைப் பாடசாலையைத் தொடங்கி, சமையல், நெசவு, தச்சு முதலிய தொழில்களின் வாயிலாகவே கணக்கையும் விஞ்ஞானத்தையும் கற்பிக்கலானார். அவர் வழிநின்ற வில்லியம் கில்பாட்ரிக் 1918-இல் எழுதிய கட்டுரையால் இம்முறையின் பெயர் எங்கும் பரவிற்று. நம் தேசத்தில் 1937-இல் வார்தாவிற் கூடிய மகாநாட்டில், கைத்தொழிலை நடுவாக வைத்துப் பாடங்களைப் போதிக்கும் ஆதாரக் கல்வியை மகாத்மா காந்தி முன்வைத்தார். செயல், கண்டறிதல், ஆராய்தல் ஆகியவற்றின் வழியே பிள்ளைகள் கற்க வேண்டுமென்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் கூறுகின்றது. சான்றோரும் சட்டமும் சொன்னது வகுப்பறையில் எங்ஙனம் நடைபெறும் என்பதே ஆசிரியனுடைய கேள்வி.

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். எமது பாடசாலையிலும் மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்குகிறது. அதன் கீழே குழியும் உண்டு. சுவரில் எழுதப்பட்ட மழைநீர் வாசகத்தைப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்திருந்தனரேயன்றிக் குழாயை நிமிர்ந்து பார்த்தவரில்லை. ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மழை பெய்துகொண்டிருக்கையில், “இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?” என்று ஒரு சிறுமி வினவினாள். யாம் விடை கூறவில்லை. அவ்வினாவையே கரும்பலகையில் எழுதி, ஆறு வாரத்திற்கு அதனையே எமது பாடமாக்கினோம்.

முதலில் மழையை அளக்க வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் மிகுதியாக நீர் சேருமே, எதை வைத்து அளப்பது என்று தர்க்கம் எழுந்தது. நேரான பக்கங்களையுடைய அகன்ற பாத்திரம் ஒன்றையும் குறுகிய பாத்திரம் ஒன்றையும் வெட்டவெளியில் வைத்தனர். மறுநாட் காலையில் அளவுகோலால் பார்க்க, இரண்டிலும் ஒரே உயரமே இருந்தது. மழையை ஏன் மில்லிமீட்டரில் கூறுகிறார்கள் என்பதை அன்று பிள்ளைகள் தாமே கண்டுகொண்டனர்.

பின்னர்ச் சுவரோரமாகத் தரையில் நாடா பிடித்து மாடியின் அளவை எடுத்தனர். நீளம் 15 மீட்டர். அகலம் 6 மீட்டர். பரப்பு 90 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை நின்றால் அது ஒரு லிட்டராகும். ஓரிரவில் 12 மில்லிமீட்டர் பெய்திருந்தது. பெருக்கிப் பார்க்க, 1,080 லிட்டர்! குடத்திற்கு 15 லிட்டராக 72 குடம். இந்த எண்ணைக் கண்டதும் வகுப்பு முழுவதும் மௌனமாயிற்று. விடியற்காலையில் தெருக்குழாயடியில் இரண்டு குடத்திற்காகத் தாயுடன் காத்துநிற்கும் பிள்ளைகள் அவர்களிற் பலர். பெருக்கற் கணக்கிற்கு இத்தகைய பொருளுண்டென்பதை எந்த வாய்ப்பாடும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அத்தனை நீரும் குழிக்குள் போகின்றதா? மழையின்போது பார்த்தால், குழாயின் அடியில் மெல்லிய இழையாகவே நீர் வந்தது. மிகுதி மாடி விளிம்பில் வழிந்து தெருவிற் சென்றது. வாசிப்பில் மிகவும் பின்தங்கிய மாணவனொருவன், “எல்போவில் அடைப்பு இருக்கிறது, ஐயா” என்றான். அவன் தகப்பனார் குழாய் வேலை செய்பவர். அதுவரை வகுப்பில் வாய் திறவாத பிள்ளையைச் சுற்றி மற்றவர்கள் கூடி நின்று விளக்கம் கேட்டனர். அவன் படம் வரைந்தான். படத்திற்குப் பெயர் எழுத எழுத்துக்களைத் தானே கேட்டுக் கற்றான். ஊராட்சித் தலைவருக்குப் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதியபோது, அப்படமும் உடன் சென்றது. ஆள் வந்து அடைப்பை நீக்கிக் குழியிற் படிந்த சேற்றையும் அகற்றினார். அவ்விண்ணப்பத்தைக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தட்டுத் தடுமாறியேனும் முழுவதும் வாசித்தவன் அந்த மாணவனே.

இம்முறைக்குப் பெற்றோர் கூறும் ஆக்ஷேபங்கள் இரண்டு. இதனால் பாடம் பின்தங்கும் என்பது ஒன்று. பரப்பளவு, தசமம், வரைபடம், கடிதம் எழுதுதல், நீரின் சுழற்சி ஆகிய இத்தனையும் அவ்வாறு வாரத்தில் அடங்கின. எனினும் எழுத்தறிதலுக்கும் வாய்ப்பாட்டிற்கும் அன்றாடப் பயிற்சி வேண்டும். அவற்றிற்குக் காலை வேளையை யாம் விட்டுவைத்தோம். பயிற்சியின்றிச் செயல்திட்டம் நடவாது. செயலின்றிப் பயிற்சி சுவைக்காது.

ஆசிரியருக்கு வேலை குறையும் என்பது மற்றொன்று. உண்மையில் வேலை இருமடங்காகின்றது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இருவர் எல்லாவற்றையும் செய்துவிட, ஏனையோர் வேடிக்கை பார்ப்பது இம்முறையில் எளிதில் நேரக்கூடியது. ஆகவே அளப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் என்று வாரந்தோறும் முறைமாற்றி அமைக்க வேண்டும். எவர் எதைக் கற்றார் என்பதை நாடோறும் குறித்துவைக்கவும் வேண்டும்.

நம் முன்னோர் கடையிலும் பட்டறையிலும் செய்தே கற்றனர். ஆனால் காரணத்தை அவர்களுக்கு விளக்குவார் அரியர். இன்று பள்ளிக்கூடத்தில் காரணம் போதிக்கப்படுகிறது, செயல் இல்லை. இவ்விரண்டையும் சேர்ப்பதே எமது நோக்கம்.

ஆதலின் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள் விடுக்கிறோம். முதலாவது, ஆண்டு விழாவில் அழகிய மாதிரிகளுக்குப் பரிசளிப்பதை விடுத்து, பிள்ளை தானே கேட்ட வினாவிற்கும் தானே எழுதிய குறிப்பிற்கும் பரிசளியுங்கள். பணமுள்ள வீட்டார் வாங்கித் தரும் அட்டையோடு ஏழைப் பிள்ளை எங்ஙனம் போட்டியிடும்? இரண்டாவது, உங்கள் கடைகளையும் பட்டறைகளையும் மாதம் ஒருமணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். எமது வகுப்பில் பல சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். நமது கதவும் அவர்கள் எல்லோருக்கும் திறக்க வேண்டும். மூன்றாவது, மாலையில் வீடு திரும்பும் பிள்ளையை “எத்தனை மார்க்கு?” என்று மட்டும் கேளாமல், “இன்று என்ன கண்டுபிடித்தாய்?” என்றும் கேளுங்கள். இதற்குச் செலவேதுமில்லை.