உதடு வீங்கினால் மாத்திரையையும் நினையுங்கள்

(ராயப்பன்பட்டியில் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



திராட்சைத் தோட்ட வேலையை விட்டு வந்திருக்கிற உங்களை அதிக நேரம் உட்கார வைக்கமாட்டோம். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இல்லாத தெரு இன்று இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வாசலுக்கே கொண்டு வந்தது. நல்ல காரியம்.

அம்மாத்திரைகளில் எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’ என முடியும் ஒரு குடும்பம் உண்டு. அதன் பூர்வீகம் பாம்பு விஷம் என்றால் நம்புவீர்களா? பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம், பிராடிகைனின் என்ற பொருளின் வேலையைக் கூட்டுவதை செர்ஜியோ ஃபெரைரா 1965-ல் வெளியிட்டார். அந்த வழியில் வந்த கேப்டோப்ரில் 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலவீனமான இருதயத்துக்கும், சர்க்கரையால் கெடும் சிறுநீரகத்துக்கும் இவை செய்யும் உபகாரம் பெரிது.

அந்த பிராடிகைனின் உடலில் தேங்குவதால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். ஆயிரத்தில் ஒருவர் முதல் ஏழு பேர் வரை உதடு, நாக்கு, முகம், தொண்டை வீங்கும். அரிப்பும் தடிப்பும் பெரும்பாலும் இராது. மாத்திரை தொடங்கிய வாரமே வரலாம். வருடங்கள் கழித்தும் வரலாம். இங்கேதான் நம் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். கருவாடு என்பார்கள், கத்தரிக்காய் என்பார்கள், தோட்டத்தில் அடித்த மருந்து என்பார்கள். மூன்று வருடமாகச் சாப்பிடும் மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. “அது பழைய மாத்திரைதானே ஐயா, அதையும் டாக்டரிடம் சொல்லணுமா?” என்று கட்டிலருகே உட்காரும் எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் வீக்கம் இரண்டொரு நாளில் வற்றும், மாத்திரை தொடரும், மறுமுறை வீங்குவது தொண்டையாக இருக்கலாம்.

அலர்ஜிக்கு வழக்கமாகப் போடும் ஊசிக்கு இவ்வீக்கம் சரியாகக் கேட்பதில்லை. மூச்சுவழி அடைபடாமல் காப்பதே முதல் வேலை. அதை வீட்டில் செய்ய முடியாது. நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ விடியட்டும் என்று இராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.

இதைக் கேட்டுவிட்டு இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! வீக்கம் வராதவர்கள் தொடரவேண்டும். வந்தவர்களுக்கு டாக்டர் வேறு வகை கொடுப்பார். அம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்குவது வேறு சங்கதி, இதோடு குழப்பவேண்டாம்.

ஒருமுறை முகம் வீங்கியவர் இந்தக் குடும்பத்து மாத்திரை எதையும் பிறகு தொடக்கூடாது. மருத்துவ நோட்டின் முதல் பக்கத்தில் ‘ப்ரில் ஆகாது’ என்று எழுதி வாங்குங்கள். மகளைப் பார்க்க வெளியூர் போனாலும் அந்த நோட்டு பையில் இருக்கட்டும். அங்குள்ள டாக்டருக்கு உங்களைத் தெரியாது.