காமிராவும் கண்ணும்

(அம்பத்தூரில் நடந்த கூட்டமொன்றில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் போட்டோ பிடிப்பது. "பகுத்தறிவுக் கூட்டத்தில் போட்டோவுக்கு என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். எனக்கும் அந்தக் கலையில் பாண்டித்தியம் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இந்தத் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டி, மற்றதை வாசகசாலையில் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். தவறிருந்தால் தள்ளிவிடுங்கள், சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1839-ல் பிரான்சு தேசத்தில் போட்டோ எடுக்கும் முறை வெளியாயிற்று. நம் நாட்டுக்கு அது வந்த பிறகு, "போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும்" என்று நம் பாட்டன் பாட்டிமார் பயந்தார்கள். இன்று அந்தப் பயம் போய்விட்டது. ஆளுக்கொரு செல்போன், அதிலே ஒரு காமிரா. ஆனால் பயம் போனதே தவிர, பார்வை வந்ததா? எதையெல்லாம் எடுக்கிறோம்? கலியாணத்தை எடுக்கிறோம், கும்பாபிஷேகத்தை எடுக்கிறோம், தலைவருக்குச் சால்வை போடுவதை எடுக்கிறோம், ஒன்றுமில்லாவிட்டால் நம் மூஞ்சியை நாமே எடுத்துக்கொள்கிறோம். நம் தெருச் சாக்கடையில் இறங்கினவனை யாராவது எடுத்ததுண்டா?

என் வெட்கக்கேட்டையே சொல்லுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், நான் வேலைக்குப் போகும் வழியில் ஒருவர் கழுத்தளவு சாக்கடைக் குழிக்குள் நின்று அடைப்பெடுத்துக் கொண்டிருந்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை ஒதுக்கி ஓட்டிப் போனேன். அன்று சாயங்காலம் சமத்துவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். இன்று அந்த மனிதரின் முகம் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்பதென்ன? நான் பார்க்கவேயில்லை. கண் திறந்துதான் இருந்தது. ஜாதி பழக்கிவிட்ட கண் அது. எதைப் பார்க்கக்கூடாதென்று பழக்கப்படுத்தப்பட்டதோ அதைப் பார்க்கவில்லை.

அப்படிப் பழகாத கண் ஒன்றைப் பற்றிச் சொல்லவே இங்கு வந்தேன். மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமார் என்னும் போட்டோக்காரரை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். மீன் விற்றுப் பிழைத்த ஒரு தாயின் மகன். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளும் கொடுமையைக் காட்டி, திவ்யபாரதி எடுத்து 2017-ல் வெளிவந்த "கக்கூஸ்" படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவர். அந்தப் படத்தைத் திரையிடப் போலீசார் தடை செய்தார்கள். எடுத்த பெண்மணி மீது வழக்குகள் போட்டார்கள். சாக்கடையில் மனிதனை இறக்குவது தப்பாகப் படவில்லை. இறக்குவதைக் காட்டினதுதான் தப்பாகப் பட்டது! பின்னர் "பாரி" என்கிற கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக் களஞ்சியத்தில் இவர் போட்டோக்காரராகச் சேர்ந்தார். கொசஸ்தலை ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணையும், கடற்பாசி எடுக்கும் பெண்களையும் படமெடுத்தார். 2022-ல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன் முதலாக இவருக்கே கிடைத்தது.

"சட்டம் இருக்கிறதே, படம் எதற்கு?" என்பார்கள். சட்டம் இருக்கிறது, 1993-லும் போட்டார்கள், 2013-லும் போட்டார்கள். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கவேண்டுமென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கிற்று. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டிய அவசியமென்ன? "எங்கள் எல்லையில் அப்படி யாருமில்லை" என்று காகிதத்தில் எழுதிவிடுகிற அதிகாரிக்கு முன்னால், தேதியும் இடமும் உள்ள ஒரு படம் சாட்சியாக நிற்கும்.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1908 முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்தார். முதலாளிகள் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே பைபிள் விற்பவனாகவும், தபால் அட்டை விற்பவனாகவும் வேஷம் போட்டு நுழைந்தார். குழந்தையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களால் அளந்து குறித்துக் கொண்டார். அந்தப் படங்கள் ஊராரின் மனச்சாட்சியை உறுத்தின. 1938-ல் தேசம் முழுமைக்கும் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததில் அவற்றுக்கும் பங்குண்டு. அவர் தம் மாணவர்களுக்கும் காமிராவைக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் பால் ஸ்டிராண்டு என்பவர் உலகப் பிரசித்தி பெற்றார்.

பழனிகுமாரிடத்திலும் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். தாம் எடுத்ததோடு நிற்காமல், வடசென்னைப் பிள்ளைகளுக்கும் மீனவர் குடும்பத்தாருக்கும் காமிராவைக் கையில் கொடுத்துச் சொல்லித்தருகிறார். இதுவரை ஏழையை யார் எடுத்தார்கள்? வெளியிலிருந்து வந்தவன் எடுத்தான், பரிதாபமாக எடுத்தான், பரிசு வாங்கிப் போனான். ஏழையின் பிள்ளையே தன் தாயை எடுத்தால் அதில் பரிதாபம் இராது, மரியாதை இருக்கும்.

"வயிற்றுக்கில்லாதவன் பிள்ளைக்குக் காமிரா ஒரு கேடா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இதையேதான் நம் பிள்ளைகள் சிலேட்டை எடுத்தபோதும் கேட்டார்கள். செருப்புப் போட்டபோதும் கேட்டார்கள். கேட்டவர்கள் பிள்ளைகள் மட்டும் பட்டினி கிடந்தா படித்தார்கள்?

இன்னொன்று. படம் பொய் சொல்லாது என்று நம்புவதும் ஒரு மூடநம்பிக்கைதான். ஓரத்தை வெட்டினால் கூட்டம் குறையும். கிட்டே நின்று எடுத்தால் பத்துப் பேர் ஆயிரம் பேராவார்கள். இப்பொழுதோ நடக்காததையே இயந்திரம் படமாக வரைந்து தருகிறது. ஆகவே எடுத்தது யார், எங்கே நின்று எடுத்தான், எதை விட்டுவிட்டான் என்று கேட்கத் தெரியவேண்டும். தானே எடுத்துப் பழகின பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் சுலபமாக வரும். சந்தேகந்தானே தோழர்களே, அறிவுக்கு வாசற்படி?

ஆகையால் என் யோசனை இது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் நமக்கு வாசகசாலைகளும் தெரிந்த வாத்தியார்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டுவோம். விலையுயர்ந்த காமிரா வேண்டாம்; வீட்டிலுள்ள செல்போன் போதும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுவோம். எடுக்குமுன் சம்மதம் கேள், உட்கார்ந்திருப்பவரை உட்கார்ந்தே எடு, பேரும் ஊரும் தேதியும் எழுதி வை, எடுத்ததை அவரிடமே கொண்டுபோய்க் காட்டு என்று சொல்லிக் கொடுப்போம். முதல் பாடமாக, தினம் பார்த்தும் பாராமல் போகிற ஒருவரை எடுத்துவரச் சொல்லுவோம்.

அந்த வகுப்பில் முதல் மாணாக்கனாக நானே உட்காருகிறேன். அன்று நான் பாராமல் போன முகத்துக்கு என்னால் செய்யக்கூடிய பதில் அவ்வளவுதான் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.